அஞ்சற்பெட்டியா, இதழாசிரியரா? – ஹேரியட் மன்றோவுக்கு இழைக்கப்பட்ட அநீதி

இலக்கிய வரலாறு எழுதுவோர் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. கோபுரத்தின் கலசத்தைப் பாடுவர். அதனைத் தாங்கி நிற்கும் அடித்தளத்தை மறப்பர். மறதியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடித்தளமே கலசத்தின் ஒளியை மறைக்க முயன்றது என்று பழி கூறுவதைப் பொறுத்துக்கொள்ள இயலாது. இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிதை வரலாற்றில் அத்தகைய பழிக்கு ஆளானவர் ஹேரியட் மன்றோ. அமெரிக்கப் பெண் கவிஞர். உலகின் பல திசைகளிலும் பயணம் செய்தவர். 1912இல் 'பொயட்ரி' என்னும் கவிதை இதழைச் சிகாகோ நகரில் தொடங்கி, 1936இல் கண் மூடும்வரை அதன் ஆசிரியராக இருந்தவர்.

எஸ்ரா பவுண்டு, டி. எஸ். எலியட் ஆகியோரின் பெயர்களை அறியாத இலக்கிய மாணவர் இலர். ஹேரியட் மன்றோவின் பெயரோ, வந்தாலும் ஓர் அடிக்குறிப்பில்தான் வரும். அந்தக் குறிப்பும் பெரும்பாலும் மூன்று குற்றச்சாட்டுகளாகவே இருக்கும். அவர் பவுண்டு அனுப்பியவற்றை அச்சிட்ட அஞ்சற்பெட்டி. எலியட்டின் பெருமையை உணராமல் அவருடைய கவிதையை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டவர். தாமே நடுத்தரக் கவிஞராயிருந்தும் பிறர் கவிதைகளில் கத்தரிக்கோல் வைத்தவர். இவை உண்மையா? உண்மையெனில் எவ்வளவு உண்மை? அவருடைய வாழ்வை முழுமையாக நோக்காமல் இவற்றுக்கு விடை காண இயலாது.

அடுப்பெரித்த கவிதை

ஹேரியட் மன்றோ 1860ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் சிகாகோவில் பிறந்தார். தந்தை வழக்குரைஞர். 1871ஆம் ஆண்டு சிகாகோவை அழித்த பெருந்தீக்குப் பின் குடும்பத்தின் செல்வநிலை தாழ்ந்தது. வாஷிங்டனையடுத்த ஜார்ஜ்டவுனில் கன்னிமாடப் பள்ளியொன்றில் பயின்று 1879இல் வெளிவந்த அந்த இளம்பெண், கவிதை எழுதிப் புகழ் பெறுவதையே வாழ்வின் குறிக்கோளாகக் கொண்டார். ஆனால், அந்நாளைய அமெரிக்காவில் கவிதைக்கு இருந்த மதிப்பு யாது? பெரிய இதழ்கள் கதைக்கும் கட்டுரைக்கும் இடம் கொடுத்துவிட்டு, பக்கத்தின் அடியில் எஞ்சும் வெற்றிடத்தை நிரப்பவே கவிதையைத் தேடின.

கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400ஆம் ஆண்டு நிறைவையொட்டிச் சிகாகோவில் மாபெரும் உலகக் கண்காட்சி ஏற்பாடாயிற்று. ஓவியர்க்கும் சிற்பியர்க்கும் கட்டடக் கலைஞர்க்கும் அள்ளிக் கொடுத்த குழுவினர், கவிதையை நினைத்துப் பார்க்கவில்லை. அதற்கும் ஓர் இடம் வேண்டும் என்று போராடியவர் மன்றோ. அதன் பயனாகத் தொடக்கவிழாவுக்குரிய வாழ்த்துப்பாவை எழுதும் பொறுப்பு அவருக்கே கிடைத்தது. ஊதியமாக 1,000 அமெரிக்க வெள்ளி கேட்டார், குழுவினர் தயங்கினர், அவர் விட்டுக்கொடுக்கவில்லை, பெற்றார். 1892 அக்டோபரில் நடந்த விழாவில் அப்பாடல் அரங்கேறியது. அதன் சில பகுதிகளை 5,000 பேர் கொண்ட இசைக்குழு பாடியது.

அரங்கேற்றத்துக்கு முன்பே நியூயார்க் நாளிதழொன்று அப்பாடலை அவருடைய இசைவின்றி வெளியிட்டிருந்தது. பெண் ஒருத்தி, அதுவும் கவிதை எழுதுபவள், என்ன செய்துவிடப் போகிறாள் என்று எண்ணினர் போலும். அவர் வழக்குத் தொடுத்தார். ஆண்டுகள் பல கடந்தன. முடிவில் 5,000 வெள்ளி இழப்பீடு அவருக்குக் கிடைத்தது. 1896இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அச்சேறாத படைப்பின்மீதும் படைப்பாளிக்கு உரிமை உண்டு என்பதை வலியுறுத்திய வழக்காக அது நிலைத்தது.

இந்த வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. அப்பாடலை விலை 25 காசாகச் சிறு நூலாக்கி விழாக் கூட்டத்திடம் விற்க முயன்றார் மன்றோ. வாங்குவார் இல்லை. எஞ்சிய படிகள் அடுத்த குளிர்காலத்தில் வீட்டு அடுப்புக்கு எரிபொருளாயின. ஆயிரக்கணக்கானோர் கூடிப் பாடிய கவிதை, அச்சு நூலானபோது விறகுக்கட்டையின் விலை பெற்றது! அந்த அடுப்பின் முன் அவர் கற்ற பாடம் இரண்டு. கவிஞருக்கு உரிய ஊதியமும் உரிமையும் கேட்டுப் பெறப்பட வேண்டும் என்பது ஒன்று. கவிதையைத் தேடிப் படிக்கும் வாசகரை யாரேனும் உருவாக்கினாலன்றி அது கிடைக்காது என்பது மற்றொன்று. இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் தொடங்கிய இதழின் கொள்கை முழுவதும் இவ்விரு பாடங்களுள் அடங்கிவிடும். இக்கொள்கை பவுண்டிடமிருந்து இரவல் பெற்றதன்று. அப்பாடல் அரங்கேறியபோது பவுண்டு ஏழு வயது நிரம்பாத சிறுவர்.

பயணம் தந்த பார்வை

அவரைக் 'குறுகிய பார்வையுடைய ஊர்ப்புறத்து மாது' என்று ஏளனம் செய்தோர் உண்டு. அவருடைய கால்கள் மிதித்த மண்ணை எண்ணிப் பார்ப்பவர் இந்த ஏளனத்தைக் கேட்டு நகைப்பர். ஐரோப்பியத் தலைநகரங்களின் ஓவியக்கூடங்களை அவர் நேரில் கண்டவர். அரிசோனாவின் பாலைநிலத்தையும் கொலராடோ ஆற்றின் பெரும்பள்ளத்தாக்கையும் கண்டு, அது குறித்து 1899இல் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் கட்டுரை வரைந்தார். கலிபோர்னியாவின் மலைகளில் சியரா கழகத்தாருடன் நடந்து திரிந்தார். ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கை அணைநீரில் மூழ்கடித்தல் தகாது என்று வாதிட்டோருள் அவரும் ஒருவர். அந்தப் போராட்டம் 1913இல் தோற்றது; அதற்காக அதனைத் தொடங்கியோர் பிழை செய்தவராகிவிடார்.

1910ஆம் ஆண்டுப் பயணம் அவருடைய வாழ்வில் திருப்பமாக அமைந்தது. தங்கை லூசியின் கணவர் வில்லியம் கேல்ஹூன் அப்போது சீனாவில் அமெரிக்கத் தூதராக இருந்தார். அவர்களைக் காணப் புறப்பட்ட மன்றோ, நேரே பசிபிக் கடலைக் கடக்கவில்லை. இலண்டன் வழியாகச் சென்றார். அங்கே ஒரு புத்தகக் கடையில் எஸ்ரா பவுண்டு என்னும் இளைஞரின் கவிதை நூல்களை வாங்கினார். சைபீரியாவின் பரந்த வெளியை ஊடுருவிச் சென்ற நெடுந்தொலைவு இரயிலில் அமர்ந்து அவற்றைப் படித்தார். பீக்கிங் நகரின் மதில்களையும் கோயில்களையும் கண்டார். 1911இன் தொடக்கத்தில் சிகாகோ திரும்பியபோது அவருக்கு அகவை ஐம்பது.

இந்த நிகழ்ச்சியில் ஓர் உண்மை பொதிந்து கிடக்கிறது. பவுண்டு மன்றோவைக் கண்டுபிடிக்கவில்லை; மன்றோதான் பவுண்டைக் கண்டுபிடித்தார். நூலை விலை கொடுத்து வாங்கி, படித்து, ஈராண்டு நினைவில் வைத்திருந்து, இதழ் தொடங்கியபோது கடிதம் எழுதி அழைத்தவர் அவரே. அழைத்தவரை அழைக்கப்பட்டவரின் பணியாளர் என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்?

நூறு கதவுகளைத் தட்டியவர்

அந்நாளில் அவர் 'சிகாகோ டிரிபியூன்' நாளிதழில் கலைத் திறனாய்வாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். ஓவியத்துக்கு அருங்காட்சியகம் உண்டு. இசைக்குப் பொருளுதவி பெறும் இசைக்குழு உண்டு. கவிதைக்கு மட்டும் ஒரு கூரையும் இல்லையே என்ற எண்ணம் அவரை வாட்டியது. எழுத்தாளர் ஹோபார்ட் சாட்ஃபீல்ட்-டெய்லர் ஒரு வழி கூறினார். ஆண்டுக்கு 50 வெள்ளி வீதம் ஐந்து ஆண்டுகள் கொடுப்பதாக உறுதியளிக்கும் நூறு பேரைத் திரட்டினால் இதழ் நடத்தலாம் என்பது அவ்வழி. ஆண்டுக்கு 5,000 வெள்ளி கிடைக்கும். வணிகரின் விளம்பரத்தையோ மக்களின் மலிவான சுவையையோ நம்பியிருக்க வேண்டியதில்லை.

வழி கூறுவது எளிது. நடந்தவர் மன்றோ. வங்கியாளர், வழக்குரைஞர், தொழிலதிபர் ஆகியோரின் அலுவலகங்களுக்குத் தாமே சென்றார். இரும்பும் தானியமும் இறைச்சியும் விற்றுச் செழித்த நகரில், கவிதைக்காகக் கையேந்துவது நகைப்புக்கு இடமான செயல். அவர் நாணவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் உறுதியளித்தனர். 1912ஆம் ஆண்டு கோடையில் சிகாகோ பொது நூலகத்தில் அமர்ந்து, அண்மை ஆண்டுகளில் வெளிவந்த கவிதைகளைப் படித்துத் தேர்ந்தார். தேர்ந்த கவிஞர்களுக்கெல்லாம் சுற்றறிக்கை அனுப்பினார். அச்சிறு அறிக்கை மூன்று செய்திகளைச் சொன்னது. கவிதைக்கென்றே ஓர் இதழ் வருகிறது. பொதுமக்களின் விருப்பத்துக்கு அஞ்சித் தரத்தைத் தாழ்த்தவேண்டிய கட்டாயம் இராது. வெளியாகும் படைப்புக்கு ஊதியம் உண்டு. 1912 அக்டோபர் மாத இதழாக முதல் 'பொயட்ரி' வெளிவந்தது. பிறர்க்கெல்லாம் ஊதியம் கொடுத்த அந்த ஆசிரியர், தொடக்கத்தில் தமக்கென ஊதியம் பெறவில்லை. நாளிதழ்ப் பணியில் ஈட்டியதைக் கொண்டே வாழ்ந்தார்.

இரண்டாம் இதழிலேயே தம் கொள்கையை அறிவித்தார். இவ்விதழின் கதவு திறந்தே இருக்கும். எந்தக் குழுவுக்கும் எந்தப் பாணிக்கும் இது அடிமையாகாது. எங்கே, எவரால், எந்தக் கோட்பாட்டின்கீழ் எழுதப்பட்டாலும் நல்ல கவிதைக்கு இங்கே இடமுண்டு என்பது அதன் சாரம். குழுமனப்பான்மையே இலக்கிய வாழ்வாகிவிட்ட காலத்தில் அது எளிய அறிவிப்பன்று.

முதற் குற்றச்சாட்டு: அஞ்சற்பெட்டி

பவுண்டு 'பொயட்ரி'யின் அயல்நாட்டு நிருபராக இலண்டனிலிருந்து ஆற்றிய தொண்டு பெரிது. அதனை மறுப்பது நன்றியின்மை. படிமக் கவிஞர்களின் தொடக்கப் படைப்புகளை அவர் அனுப்பினார். யேட்சின் கவிதைகளைப் பெற்றுத் தந்தார். தாகூரின் கவிதைகளையும் அனுப்பினார். 1912 டிசம்பர் இதழில் அவற்றுள் ஆறு வெளிவந்தன. அந்நாளில் தாகூர், சிகாகோ அமைந்துள்ள அதே இலினாய் மாநிலத்தின் அர்பானா என்னும் சிற்றூரில், மகன் பயின்ற பல்கலைக்கழகத்தை அடுத்துத் தங்கியிருந்தார் என்பது சுவையான செய்தி. 1913இன் தொடக்கத்தில் அவர் சிகாகோவுக்கு வந்தபோது அந்நகரத்து இலக்கிய வட்டம் அவரை வரவேற்றது. நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்ததோ 1913 நவம்பரில்தான். உலகம் பட்டம் சூட்டுமுன் அந்தக் கவிஞருக்குச் சிகாகோவில் பக்கம் ஒதுக்கப்பட்டது.

ஆயினும், பவுண்டு அனுப்பியவை மட்டுமா அவ்விதழ்? ரொட்டித்துண்டுக்கு மாற்றாகப் பாட்டைக் கொடுத்துக்கொண்டு நடந்தே ஊர்கள் பல சுற்றிய வேச்சல் லிண்ட்சேயைப் புகழேணியில் ஏற்றியது 1913 சனவரி இதழ். பவுண்டுக்கு அதில் பங்கில்லை. சிகாகோவில் செய்தித்தாள் பணியாளராக இருந்த கார்ல் சாண்ட்பர்க்கின் 'சிகாகோ' கவிதைகள் 1914 மார்ச்சில் வெளிவந்தன. இறைச்சிக்கூடங்களையும் உழைப்பாளரையும் கவிதைக்குள் கொணர்ந்த அவற்றை 'டயல்' என்னும் மதிப்புமிக்க இதழ் கடுமையாகத் தாக்கியது. மன்றோ பின்வாங்கினாரா? அவ்வாண்டே 200 வெள்ளி மதிப்புள்ள லெவின்சன் பரிசு சாண்ட்பர்க்குக்கு வழங்கப்பட்டது.

வாலஸ் ஸ்டீவன்சின் வரலாறு இதனினும் சிறந்த சான்று. 1914 நவம்பரில் போர்க் கவிதைச் சிறப்பிதழ் ஏறத்தாழ உருவாகி முடிந்த நிலையில், புனைபெயரில் சில கவிதைகள் அஞ்சலில் வந்தன. பரிந்துரைக்கடிதம் இல்லை, பெரியவர் எவருடைய கையொப்பமும் இல்லை. எழுதியவர் காப்புறுதித் தொழிலில் ஈடுபட்டிருந்த, 35 அகவை எய்திய வழக்குரைஞர். மன்றோ படித்தார், முடிந்துவிட்ட இதழைக் கலைத்து இடம் உண்டாக்கினார். பின்னாளில் அமெரிக்கக் கவிதையின் தூண்களுள் ஒருவராகக் கருதப்பட்ட ஸ்டீவன்சை அவர் கண்டெடுத்த முறை இதுவே. அஞ்சற்பெட்டி கடிதத்தைப் பெறும், படிக்காது. மன்றோ படித்தார். படித்தவற்றுள் பொறுக்கினார். பொறுக்கியதற்காக வசை ஏற்றார்.

அவருக்குத் துணையாயிருந்த ஆலிஸ் கார்பின் ஹென்டர்சனையும் இங்கே குறிப்பிடுதல் கடன். வந்து குவிந்த கவிதைகளை முதலிற் படித்துச் சலித்தவர் அவரே. காசநோய் கண்டு 1916இல் சாந்தா ஃபே நகருக்குச் சென்றபின்னும் அவர் இதழை மறக்கவில்லை. இருவரும் சேர்ந்து 1917இல் தொகுத்த 'தி நியூ பொயட்ரி' என்னும் நூல், புதிய கவிதையை வகுப்பறைகளுக்கும் பொது வாசகருக்கும் எடுத்துச் சென்றது. தனியொரு மேதையின் கதையைச் சொல்ல விரும்புவோருக்கு இத்தகைய கூட்டுழைப்பு கண்ணில் படுவதில்லை.

இரண்டாம் குற்றச்சாட்டு: எலியட்டின் எட்டு மாதம்

எலியட்டின் 'ஜே. ஆல்ஃபிரட் புரூஃப்ராக்கின் காதற்பாட்டு' என்னும் கவிதையைப் பவுண்டு 1914 அக்டோபரில் அனுப்பினார். அது வெளிவந்தது 1915 சூனில். இடைப்பட்ட எட்டு மாதமும் மன்றோ தயங்கினார். முடிவுப் பகுதி வலுவிழந்துள்ளது என்று கருதினார். பவுண்டு மாற்றத்துக்கு இசையவில்லை, கடுமையாக எழுதினார். கவிதை இதழின் பிற்பகுதியில் இடம்பெற்றது. அவ்வாண்டின் லெவின்சன் பரிசும் எலியட்டுக்குக் கிடைக்கவில்லை, லிண்ட்சேக்கே சென்றது. இவை உண்மை. இதில் மன்றோவின் கணிப்புப் பிழைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால், பாதி உண்மை முழுப் பொய்யினும் கொடியது. சொல்லப்படாத மறுபாதி எது? அதே கவிதை சிகாகோவுக்கு வருமுன் இலண்டனில் ஹெரால்டு மன்ரோ என்னும் இதழாசிரியரிடம் காட்டப்பட்டது. பெயரில் ஒற்றுமை உடைய அவர், அதைப் பித்துக்கொண்ட எழுத்து என்று ஒதுக்கித் திருப்பிவிட்டார். கற்றறிந்த இலண்டன் ஒதுக்கியதை, தொழில்நகராகிய சிகாகோவின் ஹேரியட் மன்றோ அச்சிட்டார். மாற்றமின்றி அச்சிட்டார். உரிய ஊதியமும் கொடுத்தார். தமக்குப் பிடித்ததை அச்சிடுவது எவர்க்கும் எளிது. பிடிக்காததை, பிறர் கண்ட பெருமையை மதித்து அச்சிடுவதற்குத் தனிப் பெருந்தன்மை வேண்டும். எட்டு மாதத் தயக்கத்தை எண்ணிப் பார்ப்பவர்கள், அதன் முடிவில் அவர் கவிதையை அச்சுக்குக் கொடுத்த அந்த ஒரு நாளையும் எண்ணிப் பார்க்கவேண்டாவா?

மூன்றாம் குற்றச்சாட்டு: கத்தரிக்கோல்

ஸ்டீவன்சின் 'ஞாயிற்றுக்கிழமைக் காலை' எட்டுப் பகுதிகளைக் கொண்ட கவிதை. 1915 நவம்பரில் 'பொயட்ரி' அதன் ஐந்து பகுதிகளையே வெளியிட்டது. ஸ்டீவன்ஸ் இசைந்தார், எஞ்சிய பகுதிகள் எவ்வரிசையில் வரவேண்டும் என்பதைத் தாமே கூறினார். 1923இல் நூலாக்கியபோது எட்டையும் மீட்டுக்கொண்டார். இன்று முழு வடிவமே போற்றப்படுகிறது. ஆகவே, இவ்விடத்தும் காலம் மன்றோவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஆயினும், அந்தத் தலையீட்டால் இருவரிடையே பகை மூளவில்லை. அவர்களுடைய கடிதத் தொடர்பு நெடுநாள் நீடித்தது. பாதிக்கப்பட்ட கவிஞரே பொறுத்த ஒன்றை, பாதிக்கப்படாதவர்கள் பொறுக்கவில்லை!

தாமே பெருங்கவிஞரல்லாதவர் பிறர் கவிதையை மதிப்பிடலாமா என்று கேட்பர். மன்றோவின் சொந்தக் கவிதைகள் பல நூல்களாக வெளிவந்தன. அவற்றை அவருடைய இதழில் வெளிவந்த சிறந்த கவிதைகளோடு ஒப்பிட்டால் ஒளி குறைந்தே காணப்படும் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால், இந்தக் கேள்வியே தவறானது. உரைகல் தங்கமாக இருக்கவேண்டுமா? தம்மினும் பெரியவரைக் கண்டு பொறாமை கொள்ளாமல், அவர் ஏறி நிற்க மேடை அமைத்துத் தருவது அருங்குணம். பெருங்கவிஞர் பலரிடம் அது காணப்படவில்லை.

புரியாமையை ஒப்புக்கொண்ட நேர்மை

ஹார்ட் கிரேனின் கவிதை தொடர்பாக 1926இல் நிகழ்ந்தது, இலக்கியம் கற்பிப்போர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. நாவலாசிரியர் மெல்வில்லின் கல்லறையைப் பொருளாகக் கொண்ட அக்கவிதையின் உருவகங்கள் மன்றோவுக்குப் புரியவில்லை. புரியாததைப் புரிந்ததுபோல் நடிக்கவில்லை. புரியவில்லை என்பதற்காகக் குப்பைக்கூடையில் எறியவும் இல்லை. கவிஞருக்கே கடிதம் எழுதி விளக்கம் கேட்டார். கிரேன் நெடிய மறுமொழி வரைந்தார். மன்றோ கவிதையை வெளியிட்டார். தம் ஐயங்களையும் வெளியிட்டார். கவிஞரின் மறுமொழியையும் வெளியிட்டார். அம்மறுமொழி நவீனக் கவிதையின் உருவக இயல்பு பற்றிய சிறந்த விளக்கமாக இன்றும் பயிலப்படுகிறது. மன்றோவின் கேள்வி இல்லையேல் கிரேனின் விடை இல்லை. நூற்றுக்கணக்கான வாசகர் முன்னிலையில் 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லத் துணிந்த இதழாசிரியர் எத்தனை பேர்?

தம்மைத் தாக்கியோருக்கும் அவர் இடமளித்தார். கவிஞரின் உயர்வுக்கும் வாசகரின் தகுதிக்கும் உள்ள உறவைக் கூறும் வால்ட் விட்மனின் கருத்தைத் தம் இதழின் குறிக்கோளுரையாக அவர் பொறித்திருந்தார். வாசகர் கூட்டத்தை நம்பிக் கலைஞன் இல்லை என்று பவுண்டு அதனைச் சாடினார். 1914 அக்டோபர் இதழில் பவுண்டின் சாடலையும் தம் மறுப்பையும் அடுத்தடுத்து அச்சிட்டார் மன்றோ. 1931 பிப்ரவரியில் ஓர் இதழ் முழுவதையும் லூயி சுகோஃப்ஸ்கி என்னும் இளைஞரிடம் ஒப்படைத்தார். தமக்கு உடன்பாடில்லாத கோட்பாடு அவ்விளைஞருடையது. அடுத்த இதழில் அதனைக் கண்டித்து எழுதினார். ஆனால், கண்டனத்துக்கு முன் இடம் கொடுத்தார். கதவு திறந்திருக்கும் என்று 1912இல் கூறியவர், 70 அகவையிலும் அதனைச் சாத்தவில்லை. கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதைகள் 1926இல் அவ்வாயில் வழியாகவே நுழைந்தன.

ஏளனத்தின் வேர்

இத்தனை சான்றுகள் இருந்தும் ஏளனம் எங்கிருந்து பிறந்தது? ஒரு காரணம் வெளிப்படை. அவர் பெண், மணமாகாதவர், இதழ் தொடங்கும்போதே நடுவயதைக் கடந்தவர். இளைஞன் ஒருவன் பிறர் கவிதையைத் திருத்தினால் அது மேதையின் துணிவு. முதுமகள் ஒருத்தி திருத்தினால் அது வேண்டாத தலையீடு! பவுண்டும் திருத்தினார். எலியட்டின் 'பாழ்நிலம்' என்னும் நெடுங்கவிதையைப் பெருமளவு வெட்டிச் சுருக்கினார். அது இலக்கிய வரலாற்றின் பொன்னேடாகப் போற்றப்படுகிறது. அந்த வெட்டு சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், அளவுகோல் இரண்டாக இருப்பதை எவ்வாறு ஏற்பது?

மற்றொரு காரணம், இதழ் நடத்துதல் என்னும் உழைப்பைப் பற்றிய அறியாமை. மேதைமை மின்னலைப் போன்றது. ஒரு கணம் ஒளிரும். இதழோ அகல்விளக்கு, நாள்தோறும் எண்ணெய் ஊற்றவேண்டும். பவுண்டு பெரும்பங்கு கொண்ட 'பிளாஸ்ட்' இரண்டே இதழ்களோடு நின்றது. அவரே ஆசிரியராயிருந்த 'எக்சைல்' நான்கு இதழ்களோடு மறைந்தது. புகழ்பெற்ற 'லிட்டில் ரிவ்யூ'வும் 'டயல்' இதழும் 1929இல் முடிந்தன. 'பொயட்ரி' மட்டும் முதல் உலகப் போரையும், 1930களின் பொருளாதார வீழ்ச்சியையும் கடந்து நின்றது. 1912 அக்டோபர் முதல் 1936 செப்டம்பர் வரை 24 ஆண்டுகளில் 288 மாதங்கள். மாதந்தோறும் தேர்வு, மறுப்பு, கடிதம், கணக்கு, அச்சகம், மெய்ப்பு! இவை எவையும் பாடநூலில் இடம்பெறா. ஆனால், இவை இல்லையேல் பாடநூலில் இடம்பெற்ற கவிதைகள் பல ஒளி கண்டிரா.

பவுண்டே இதனை அறிந்திருந்தார். பல்லாண்டு வாதிட்டு, வைது, விலகுவதாக அச்சுறுத்திய அவர், மன்றோ மறைந்தபின் 'பொயட்ரி'யில் அவருக்குப் புகழுரை வரைந்தார். பவுண்டின் அடியார்கள் மட்டும் பவுண்டின் சினத்தைக் கற்றுக்கொண்டு, அவருடைய நன்றியைக் கற்க மறந்தனர்.

கடைசிப் பயணம்

முதுமை அவருடைய கால்களைக் கட்டிப்போடவில்லை. 1934இல் மீண்டும் சீனா சென்றார். 1936 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் தலைநகரான போனஸ் ஐரிசில் பன்னாட்டு எழுத்தாளர் மாநாடு கூடியது. அதில் கலந்துகொண்டபின், 75 அகவையில், பெரு நாட்டு மலைகளில் இன்கா மக்களின் பழம்பெரும் இடிபாடுகளைக் காணப் புறப்பட்டார். இடிபாடுகளை அவர் காணவில்லை. வழியில், கடல்மட்டத்துக்கு 2,300 மீட்டர் உயரத்தில் அமைந்த அரெக்கிப்பா நகரில், செப்டம்பர் 26ஆம் நாள் மூளைக் குருதிக்கசிவால் காலமானார். பிறந்த மண்ணுக்குத் தொலைவில், அந்த மலைநகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய தன்வரலாறு 1938இல் நூலாக வெளிவந்தது.

அவர் மறைந்தார், இதழ் மறையவில்லை. ஆசிரியரோடு சேர்ந்து சிற்றிதழும் மடிவதே உலக வழக்கம். 'பொயட்ரி' அவ்வழக்கத்தை மீறியது. 2002இல் ரூத் லில்லி என்னும் செல்வர் ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க வெள்ளியை அதற்கு வழங்க முன்வந்தார். 2012இல் அது நூற்றாண்டு கண்டது. நூறு கதவுகளைத் தட்டி ஐம்பது ஐம்பது வெள்ளியாகத் திரட்டியவர் இட்ட அடித்தளம், எத்தகைய சுமையையும் தாங்கும் வலிமை உடையது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே, புதுக்கவிதையின் வரலாற்றைக் கற்பிப்போர் ஒன்றை மாற்றிக்கொள்ளவேண்டும். மாணவரின் கையில் எலியட்டின் கவிதையைக் கொடுக்கும்போது, அதை எழுதியவர் யார் என்று சொல்வதோடு நிறுத்தலாகாது. அதை அனுப்பியவர் யார், மறுத்தவர் யார், தயங்கியும் அச்சிட்டவர் யார், அச்சிடப் பணம் திரட்டியவர் யார் என்பவற்றையும் சொல்லவேண்டும். அப்போது மாணவர் இலக்கியம் வானத்திலிருந்து விழுவதன்று என்பதை அறிவர். எழுதும் ஆற்றல் வாய்க்காதவர்க்கும் இலக்கியத்தில் செய்யத்தக்க பெரும்பணி உண்டு என்பதையும் உணர்வர். பிழை செய்தும், பிழையை மறைக்காமலும், 24 ஆண்டுகள் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்த அம்மையாரை அஞ்சற்பெட்டி என்று அழைப்பது அறியாமை. அறிந்தபின்னும் அவ்வாறு அழைப்பது நன்றி கொன்ற செயல்.